இருபதில் ஒன்று

பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் ஓடிப்போன பிறகு, பத்தாம் வகுப்புக் கரும்பலகையில் சொர்ணலதா எட்டு வட்டம் போட்டாள். எட்டும் எட்டு அம்மாக்கள். எட்டுப் பேருமே அவளைப் பெற்ற சந்தனம்மாள்தான். பெற்ற தாயை எட்டாகப் பெருக்கி வரிசையில் நிறுத்த ஒரு கணக்கு டீச்சரால்தான் முடியும். வேறு யாராவது செய்திருந்தால் ஆண்டிபட்டியில் அன்றைக்கே மந்திரிக்கக் கூட்டிப்போயிருப்பார்கள்.

பக்கத்தில் சாக்பீஸ் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ஞானசெல்வி, அதே பள்ளியில் அறிவியல் டீச்சர். தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள், சொல்லிவிட்டுப் பிறகு பயப்படுவாள். இந்தக் கணக்குக்கே அவள்தான் காரணம்.

விஷயம் இதுதான். அது எழுபத்தொன்பதாம் வருஷத்துத் தை மாதம். சொர்ணலதாவின் மகன் அழகருக்கு மாசி பிறந்தால் பதினோரு மாதம். குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதென்று மாமியார் முத்துப்பேச்சி நாள் குறித்துவிட்டாள். எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம்தான். ஆனால் சொர்ணலதா பிறந்த கெங்குவார்பட்டி வீட்டில் காதுகுத்து என்ற பேச்சை எடுத்தாலே ஒரு நிமிஷம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். சந்தனம்மாளுக்குச் சுருளி என்று ஒரு தம்பி இருந்தான். அஞ்சு வயசில் அவனுக்குக் காது குத்தியபோது மூன்று நாள் ரத்தம் நிற்கவில்லை. எப்படியோ பிழைத்தான். அதன்பிறகு முழங்கால் வீங்கி வீங்கி வடிந்து, இருபத்திரண்டு வயசில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப்போய் ரத்தம் கொட்டியே செத்துப்போனான். அவனுடைய தாய்மாமன் போனதும் இதே மாதிரிதான்.

இதை ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சொர்ணலதா சும்மா கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஞானசெல்வியின் கை டிபன் பாக்ஸிலேயே நின்றுவிட்டது.

"டீச்சர், இது ஹீமோபிலியா மாதிரி இருக்கு. ரத்தம் உறையாத வியாதி. தாய் வழியாத்தான் வரும். பொம்பளைக்கு ஒண்ணும் செய்யாது, அவ சும்மா சுமந்துக்கிட்டு வருவா. அவ பெத்த ஆம்பளப் பிள்ளைல பாதிக்கு வரும். பொம்பளப் பிள்ளைல பாதி மறுபடி சுமக்கும்."

சொர்ணலதா மிச்சச் சோற்றைக் காக்கைக்குப் போட்டுவிட்டாள். அன்று மத்தியானம் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரே கணக்கை இரண்டு தடவை போட்டுக்கொடுத்தாள். பிள்ளைகள் சிரித்தது அவளுக்குத் தெரியவில்லை.

ஆனால் அவள் வெறுமனே பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற ரகமில்லை. மதுரையில் பி.எஸ்ஸி. கணக்கு படித்தவள். பயம் என்றாலும் அது எவ்வளவு பயம் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். பொங்கலுக்குக் கெங்குவார்பட்டி போனபோது அம்மாவிடம் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"அம்மா, நீ பெத்த ஆம்பளப் பிள்ளைக எத்தன?"

சந்தனம்மாள் அடுப்புக்கு விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "ரெண்டுதான். கூடப் பொறந்தவங்கள எண்ணக்கூடவா ஒனக்குத் தெரியல? நீயெல்லாம் டீச்சராம்" என்றாள்.

அந்த இரண்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் இப்போது கரும்பலகை முன்னால் நிற்கிறாள்.

"உங்கம்மா சுமக்குறாகளா இல்லையானு தெரியாது. பாதிக்குப் பாதி" என்றாள் ஞானசெல்வி.

சொர்ணலதா நாலு வட்டத்துக்குள் சாக்பீஸால் தீட்டினாள். "நாலு பேரு சுமக்குற அம்மா. நாலு பேரு சுமக்காத அம்மா. சரியா? இப்ப எங்கண்ணன் குருசாமி நல்லாத்தான இருக்கான். அருவாள்ல வெரல வெட்டிக்கிட்டு, மஞ்சள அப்பிக்கிட்டு வயலுக்குப் போறவன். சுமக்குற நாலு அம்மாவுல ரெண்டு பேருக்குத்தான் மூத்தவன் நல்லாப் பொறப்பான்." தீட்டிய வட்டங்களில் இரண்டை அழித்தாள். "அடுத்தது தம்பி சண்முகராஜ். பட்டாளத்துல இருக்கான். அவனும் நல்லாருக்கான்." இன்னொன்றையும் அழித்தாள்.

பலகையில் தீட்டிய வட்டம் ஒன்று, வெறும் வட்டம் நாலு. ஒவ்வொரு நல்ல மகனும் வந்து தாய்க்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறான். முதல் சாட்சியைக் கேட்ட பிறகு இரண்டாவது சாட்சிக்கு வேறு மதிப்பு. பாதியாக இருந்த சந்தேகம் மூன்றில் ஒன்றாகி, இப்போது ஐந்தில் ஒன்றாகிவிட்டது.

"அம்மாவுக்கு அஞ்சுல ஒண்ணு. எனக்கு அதுல பாதி, பத்துல ஒண்ணு. அழகருக்கு அதுலயும் பாதி."

"இருபதுல ஒண்ணு" என்றாள் ஞானசெல்வி. பெருமூச்சு விட்டாள். "அப்பாடா. நான் வேற உங்களப் போட்டுப் பயமுறுத்திட்டேன்."

பத்தொன்பது பங்கு நல்லது. சொர்ணலதா கரும்பலகையைத் துடைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, வைகை அணைக்குப் போகிற பஸ்ஸைப் பிடித்தாள். அன்று வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிய கொஞ்சலில் அவன் மூச்சுத் திணறி அழுதான்.

அவள் புருஷன் செல்லப்பாண்டிக்கு அணையில் மதகு ஏற்றி இறக்குகிற வேலை. அணைக் காலனியில்தான் வீடு. அதிர்ந்து பேசாத மனுஷன். அம்மா சொன்னால் அம்மாவுக்குத் தலையாட்டுவார், பெண்டாட்டி சொன்னால் பெண்டாட்டிக்கு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினால் மட்டும் மதகைப் பார்க்கப் போய்விடுவார். இருபதில் ஒன்று என்று கேட்டதும் அவரும் சிரித்தார். அழைப்பிதழ் அச்சடித்து வந்தது. 'எங்கள் பேரன் அழகருக்கு' என்று மஞ்சள் அட்டையில் சிவப்பு எழுத்து.

அந்தப் பெயர்கூடச் சந்தனம்மாள் வைத்ததுதான். தாத்தா பெயரை வைக்க வேண்டுமென்று முத்துப்பேச்சி நின்றாள். எதையும் வாய்விட்டுக் கேட்டறியாத சந்தனம்மாள் அன்றைக்கு மட்டும் சம்பந்தி கையைப் பிடித்துக்கொண்டு, "அழகருன்னு வைங்க தாயி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கேட்டாள். அழகர்மலைக்கு ஏதோ நேர்த்திக்கடன் போலிருக்கிறது என்று எல்லோரும் விட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

காதுகுத்துக்குப் பதினாறு நாள் இருக்கும்போது பிள்ளையைக் குளிப்பாட்டுகையில் சொர்ணலதா அதைப் பார்த்தாள். வலது முழங்காலில் புளியங்கொட்டை அளவுக்கு நீலம் பாய்ந்திருந்தது.

"தவழுற பிள்ளைக்கு முட்டி கன்னாமலா இருக்கும்? சிமிட்டித் தரை" என்றாள் முத்துப்பேச்சி.

இருக்கலாம். ஆனால் எத்தனை பிள்ளைக்கு அப்படிக் கன்றும்? அதுதான் சொர்ணலதாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்த நோய் உள்ள பிள்ளைகள் தவழ ஆரம்பித்துவிட்டால் அநேகமாக எல்லோருக்கும் முட்டி கன்றிப்போகும் என்று ஞானசெல்வி புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். நோய் இல்லாத பிள்ளைகளைப் பற்றி எந்தப் புத்தகமும் எழுதவில்லை. நல்லா இருக்கிற பிள்ளையின் முழங்காலை எவன் எழுதுவான்?

ஆகவே டீச்சரம்மா முழங்கால் பார்க்கக் கிளம்பினாள். காலனியில் ஆறு பிள்ளைகள், ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நெசவாளர் தெருவில் ஒன்பது பிள்ளைகள். "அடடே, எத்தன மாசம்?" என்று தூக்குவாள். கொஞ்சுகிற சாக்கில் சட்டையை ஒதுக்கி இரண்டு முட்டியையும் பார்ப்பாள். வெளியே வந்து டைரியில் ஒரு கோடு போடுவாள். மூன்றாம் நாள் நெசவாளர் தெருவில் பேச்சுக் கிளம்பிவிட்டது. கடைசி வீட்டுக்காரி தன் பிள்ளையின் இரண்டு முட்டியிலும் கண்மையால் பெரிய பொட்டு வைத்து, "பாருங்க டீச்சர், நல்லாப் பாருங்க" என்று நீட்டினாள். சொர்ணலதாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் மையைத் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே விட்டாள்.

பதினைந்து பிள்ளைகளில் ஐந்து பேருக்கு நீலம் இருந்தது. மூன்றில் ஒன்று.

அழைப்பிதழின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டாள். அழகர் மாதிரி அறுபது பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். இருபதில் ஒன்று என்றால் மூன்று பிள்ளைக்கு நோய். அந்த மூன்று பேருக்கும் முட்டி கன்றியிருக்கும். மிச்சம் ஐம்பத்தேழில் மூன்றில் ஒரு பங்கு, பத்தொன்பது பேருக்குக் கன்றியிருக்கும். கன்றிய பிள்ளைகள் மொத்தம் இருபத்திரண்டு, அதில் மூன்று பேர் நோயாளி. ஏறக்குறைய ஏழில் ஒன்று.

ஒரு புளியங்கொட்டை அளவு நீலம் இருபதை ஏழாக்கிவிட்டது. அவள் அழைப்பிதழை எடுத்துக்கொண்டு புருஷனிடம் போனாள்.

"மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில ரத்தம் பார்ப்பாகளாம். அதுக்கப்புறம் காது குத்துவோங்க."

செல்லப்பாண்டி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏழுல ஆறு நல்லதுதான சொர்ணம்?"

"ஏழு பஸ்ஸுல ஒண்ணு கவுந்துரும்னு சொன்னா நீங்க ஏறுவீகளா?"

"ஏழு பஸ்ஸுக்கு எங்க போறது, நம்ம ஊருக்கு வர்றதே மூணு" என்று சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

உள்ளேயிருந்து முத்துப்பேச்சி வந்தாள். "ஏத்தா, மாசியில மட்டுந்தான் நம்ம கோயில் நடை தெறக்கும். பதினோராம் மாசத்த விட்டா மூணாம் வயசுதான். மாமன் சீர் எடுத்தாச்சு. எரநூறு பேருக்குச் சொல்லியாச்சு. புள்ளைக்குச் சீக்குனு ஊருக்கெல்லாம் தண்டோராப் போடப் போறியா? முட்டி கன்னுச்சாம், கணக்குப் போட்டாளாம்! எங்க வீட்டுல ஒம்போது புள்ளைக்குக் காது குத்திருக்கு. ஒண்ணும் கணக்குப் போட்டுக் குத்தல."

செல்லப்பாண்டி மதகைப் பார்க்கக் கிளம்பினார். வாசல் வரை போய்த் திரும்பி, "காதுகுத்து முடிஞ்ச மறுநாளே மதுர போவோம். சத்தியமா" என்றார்.

சொர்ணலதா மென்று முழுங்கினாள். அதை நினைத்து நினைத்துப் பின்னால் அவள் தன்னையே ஏசிக்கொண்டாள். ஏழில் ஒன்று என்று தெரிந்தும் வாயை மூடினாளே! ஆனால் ஆறு பங்கு நம் பக்கம் இருக்கும்போது ஒரு பங்குக்காக எரநூறு பேரோடு சண்டை போட யாருக்குத் தைரியம் வரும்? அவளுக்கு வரவில்லை. மிச்சமிருந்த நாளெல்லாம் ஏழு என்ற எண்ணையே அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று. ஆறாம் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாட்டைப் பிள்ளைகள் கத்தும்போது ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வாள்.

காதுகுத்து அன்று காலை எட்டு மணிக்கெல்லாம் பாறையடிக் கருப்பு கோயில் வளாகத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆண்டிபட்டிக்குத் தெற்கே கரட்டுக் குன்றின் அடியில் கோயில். வேப்பமரத்தில் ரேடியோ செட்காரன் குழாய் கட்டியிருந்தான். ஒரு பக்கம் ஆடுகள், ஒரு பக்கம் அண்டா. கெங்குவார்பட்டியிலிருந்து குருசாமி வேன் பிடித்துச் சீர்த்தட்டுகளோடு வந்து இறங்கினான். முன்னால் மேளம், பின்னால் பதினோரு தட்டு, கடைசியாகச் சந்தனம்மாள்.

"ஏலே மருமகனே, மாமன் மடிக்கு வாடா" என்று குருசாமி பிள்ளையை வாங்கிக்கொண்டான். சொர்ணலதாவுக்கு அண்ணனைப் பார்த்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆறடி ஆள், கையெல்லாம் அருவாள் தழும்பு, எல்லாம் ஆறிப்போன தழும்பு. அவளுடைய கணக்கில் நல்ல சாட்சி சொன்னவன் அவன்தான்.

மனைப்பலகையில் குருசாமி சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மடியில் பிள்ளை. முதலில் மொட்டை, பிறகு காது. நாவிதர் கத்தியைத் தீட்டினார். ஆசாரி வெற்றிலையில் தங்கக் கம்பியை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே காத்திருந்தார். தலைக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும், புதுச்சட்டை நனைந்துவிடும் என்று சந்தனம்மாள் குனிந்து பேரனின் சட்டையைக் கழற்றினாள்.

கழற்றியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பிள்ளையின் இரண்டு விலாவிலும், கைக்கு அடியில், பக்கத்துக்கு ஒன்றாக நீலம். தூக்குகிறவர்களின் கட்டைவிரல் படுகிற இடம். காலையிலிருந்து யார் யாரோ தூக்கிக் கொஞ்சியிருக்கிறார்கள், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. சந்தனம்மாள் தன் கட்டைவிரலை அந்த நீலத்துக்கு மேலே, தொடாமல், வைத்துப் பார்த்தாள்.

"அவனுக்கும் இங்கனதான்" என்றாள்.

"யாருக்கு? சுருளி மாமாவுக்கா?" என்றாள் சொர்ணலதா.

சந்தனம்மாள் கழற்றிய சட்டையை மடிக்க ஆரம்பித்தாள். சொர்ணலதா அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். மேளக்காரர்கள் அடித்துக்கொண்டிருந்ததால் கத்திக் கேட்க வேண்டியிருந்தது. "யாருக்கும்மா?"

"குருசாமிக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான்."

சந்தனம்மாள் பேரனின் விலாவைப் பார்த்தபடியே மேலே சொன்னாள்.

"பால் குடிக்கல. நாக்குக்கு அடியில தோலு ஒட்டியிருக்குன்னு மருத்துவச்சி பிளேடால ஒரு கீறு கீறிவிட்டா. ஒரு கீறுதான் ஆத்தா. ரெண்டு நாளு வாயில ரத்தம் நிக்கல. தூக்குன எடமெல்லாம் வெரல் பதிஞ்சு பதிஞ்சு நீலமாக் கெடந்தான். ஒம்போதாம் நாளு போயிட்டான். பிளேடு சரியில்லன்னு அவளப் போட்டு ஏசுனாக."

"ரெண்டுதான்னு சொன்னியேம்மா! நான் ஒன்ட்ட கேட்டேன்ல? பொங்கலுக்குக் கேட்டேன்ல?"

"பதினாறாம் நாளுதான் பேரு வப்பாக. பேரு வைக்காதத எண்ணக்கூடாதுன்னாக. அடுத்தது தங்காதாம். முப்பத்திரண்டு வருசமா எண்ணல ஆத்தா. எண்ணாம எண்ணாம எனக்கே ரெண்டுன்னு ஆயிப்போச்சு."

சொர்ணலதா கண்ணை மூடினாள். கரும்பலகை வந்தது. எட்டு வட்டம். இப்போது எட்டிலும் தீட்ட வேண்டும். அம்மா சுமக்கிறவள்தான், அதில் இனி பாதியுமில்லை, ஐந்தில் ஒன்றுமில்லை. அண்ணனும் தம்பியும் நல்லா இருப்பது அம்மாவைப் பற்றித்தான் சாட்சி. அம்மாவின் விஷயம் தெரிந்துவிட்டபிறகு அந்தச் சாட்சிக்கு ஒரு வேலையும் கிடையாது. அவள் இத்தனை நாளாகச் சாய்ந்துகொண்டிருந்த சுவர் அங்கே இல்லை. அவளுக்குப் பாதி. பிள்ளைக்கு நாலில் ஒன்று. அறுபது பிள்ளைகளில் பதினைந்து பேருக்கு நோய், அந்தப் பதினைந்து முட்டியும் கன்றியிருக்கும். மிச்சம் நாற்பத்தைந்தில் மூன்றில் ஒன்று, அதுவும் பதினைந்து. பதினைந்துக்குப் பதினைந்து. கட்டைவிரல் தடத்தைச் சேர்க்காமலேயே பாதிக்குப் பாதி.

கண்ணைத் திறந்தபோது நாவிதர் பிள்ளையின் தலையைத் தண்ணீரால் நனைத்துவிட்டுக் கத்தியை எடுத்திருந்தார்.

"வேணாம்! கத்திய வைங்க!"

மேளம் நின்றது. முத்துப்பேச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "என்னாத்தா இது? சாமி முன்னாடி நின்னுக்கிட்டு?"

"பாதிக்குப் பாதி அத்தை. கத்தி பட்டா ரத்தம் நிக்காது. பாதிக்குப் பாதி."

"திரும்பவும் கணக்கா? கணக்குப் போட்டுத்தான் புள்ள பெத்தியா? ஏப்பா, நீ போடு மொட்டைய. ஏலே செல்லப்பாண்டி, ஒம் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போ அங்கிட்டு."

செல்லப்பாண்டி அம்மாவைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். போய்ப் பார்க்க அங்கே மதகு இல்லை. நாவிதர் என்ன செய்வதென்று தெரியாமல் கத்தியைப் பிடித்தபடி நின்றார். பங்காளிகள் முணுமுணுத்தார்கள். பாதியில் எழுந்தால் கருப்பு சும்மா விடமாட்டான் என்று ஒரு குரல். படிச்ச பொம்பளையைக் கட்டினால் இப்படித்தான் என்று இன்னொரு குரல். சொர்ணலதா பிள்ளையை எடுக்கக் குனிந்தாள். யாரோ பின்னாலிருந்து அவள் கையைப் பிடித்தார்கள்.

அப்போதுதான் குருசாமி பேசினான். அவன் தங்கச்சியைப் பார்க்கவில்லை, சந்தனம்மாளைப் பார்த்தான். "எனக்கு முன்னாடி ஒருத்தனாம்மா?"

சந்தனம்மாள் தலையசைத்தாள்.

குருசாமி பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு எழுந்தான். மனைப்பலகை புரண்டு விழுந்தது.

"அத்தை, கோயில் ஒங்களுது, நாள் ஒங்களுது. மடி என்னுது. மாமன் மடியில்லாம மொட்டையும் கெடையாது, காதுகுத்தும் கெடையாது. அது ஒங்களுக்கே தெரியும். நான் எந்திரிச்சுட்டேன்."

மாமன் எழுந்துவிட்டால் எழுந்ததுதான். ஆசாரி தங்கக் கம்பியை வெற்றிலையோடு மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முத்துப்பேச்சி தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அது நடிப்பில்லை. பேரனுக்குக் கெடுதல் வந்துவிடுமென்று அவளும் நெசமாகவே பயந்தாள், அவளுடைய பயம் வேறு பக்கத்திலிருந்து வந்தது, அவ்வளவுதான்.

கணக்கில் ஒன்றுமில்லாமல் போன அண்ணன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேனைப் பார்த்து நடந்தான். விலாவைப் பிடிக்காமல், அடியில் கைகொடுத்து, வெண்ணெய்ச் சட்டியைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு போனான். பின்னாலேயே சொர்ணலதா, அவளுக்குப் பின்னால் சந்தனம்மாள். வேன் கிளம்புகையில் செல்லப்பாண்டி பிள்ளையின் துணிப்பையோடு ஓடிவந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அம்மா அழைக்கிற சத்தம் கேட்டும் அவர் இறங்கவில்லை.

மதுரைவரை சொர்ணலதா அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். ஒரு பிள்ளையை, பெற்று ஒன்பது நாள் மடியில் வைத்திருந்த பிள்ளையை, இல்லை என்று எப்படிச் சொல்ல மனசு வந்தது? அந்த ஒரு 'ரெண்டுதான்' என்ற பேச்சை நம்பி அவள் கத்திக்கு முன்னால் பிள்ளையைக் கொண்டுபோய் வைத்தாளே! உசிலம்பட்டி தாண்டும்போது அழகர் பாட்டி பக்கம் கையை நீட்டினான். சொர்ணலதா அவனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார்கள். ஊசி குத்திய இடத்தில் நர்ஸ் அரைமணி நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றாள். அப்படியும் கசிந்தது. நாலாம் நாள் காலை ஒரு டாக்டரம்மா கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். இருக்கிறது. நடுத்தரமான நோய். குணமாக்க மருந்து கிடையாது. ஆனால் கவனமாக வளர்த்தால் பிள்ளை வளரும். ஊசி, பல், கத்தி எதுவாக இருந்தாலும் முதலில் இங்கே வர வேண்டும். அன்றைக்கு மொட்டை போட்டிருந்தால், காது குத்தியிருந்தால் என்று ஆரம்பித்தவர், சொர்ணலதாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பாதி, நாலில் ஒன்று, ஏழில் ஒன்று, இருபதில் ஒன்று என்று எல்லாமே அன்றோடு முடிந்துபோயிற்று. இனி அழகர் ஒன்றில் ஒன்று. சொர்ணலதா அழவில்லை. செல்லப்பாண்டிதான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, தோள் குலுங்கக் குலுங்க அழுதார்.

டாக்டரம்மா ஒரு பெரிய தாளை எடுத்துக் குடும்ப விவரம் எழுத ஆரம்பித்தார். "அம்மாவோட கூடப் பிறந்த ஆண்கள் எத்தனை பேர்?"

"மூணு பேர்" என்றாள் சொர்ணலதா.

"பேர் சொல்லுங்க."

"குருசாமி. சண்முகராஜ்." நின்றாள். "ஒருத்தனுக்குப் பேர் வைக்கல டாக்டர். ஒம்போது நாள்தான் இருந்தான்."

"பரவாயில்ல. பேர் இல்லைனு எழுதிக்கிறேன்."

"மனசுல வச்சிருந்தேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சந்தனம்மாள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். மூன்று நாளாக அவளை யாரும் உள்ளே கூப்பிடவுமில்லை, போ என்று சொல்லவுமில்லை. சொர்ணலதா திரும்பிப் பார்த்தாள்.

"பதினாறாம் நாளு சொல்லலாம்னு வச்சிருந்தேன். யாருட்டயும் சொல்லல. ஒங்கப்பாட்டக்கூடச் சொல்லல."

"என்ன பேரும்மா?"

சந்தனம்மாள் மகளைப் பார்க்கவில்லை. மகள் மடியில், கையில் பஞ்சுக் கட்டோடு தூங்குகிற பிள்ளையைப் பார்த்தாள்.

"அழகரு" என்றாள். "யாரும் கூப்பிடாத பேரு, சும்மாதான கெடந்துச்சு. அதான் இவனுக்குக் குடுத்தேன்."

டாக்டரம்மா எழுதாமல் பேனாவைப் பிடித்திருந்தார். சொர்ணலதா பக்கத்து நாற்காலியில் இருந்த துணிப்பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

"இங்கன வந்து உக்காரும்மா" என்றாள். "டாக்டர், மூணாவது பேரையும் எழுதிக்கங்க. மூத்தவன் அவன்தான், மேல எழுதுங்க."